ஹாரனுக்குப் பின்னால் நின்ற பையன்



குழாய்க்கு முன்னால் ஒரு நாய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்கிற படத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பழைய இசைத்தட்டு, கேசட் அட்டை, ரேடியோ கடை போர்டு என்று எங்கே பார்த்தாலும் அந்த நாய்தான். அதன் பெயர் நிப்பர் என்பது க்விஸ் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கம்பெனியின் முதல் ரிக்கார்டிங் ரூமில் மெஷினை ஓட்டிய மனிதர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது!

அவர் பெயர் பிரெட் கெய்ஸ்பெர்க். ரிக்கார்டிங் ஸ்டுடியோ என்ற வார்த்தையே பழக்கத்துக்கு வராத காலத்தில், பதினாறு வயதில், பள்ளிக்கூடப் பையனாக இந்தத் தொழிலுக்குள் எடுபிடியாக நுழைந்தவர். ஐம்பது வருஷம் கழித்து வெளியே வந்தபோது, உலகத்தின் பெரிய பாடகர்கள் பாதிப் பேர் அவர் முன்னால் நின்று பாடியிருந்தார்கள். நம் நாட்டின் முதல் கிராமபோன் தட்டுகளைப் பதிவு செய்தவரும் அவரேதான்.

இன்னும் கொஞ்ச நாளில் நாமும் டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸ் என்று எங்காவது போய் நிற்கப் போகிறோம். அதனால்தான் இந்த மலருக்கு எழுத அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

பியானோ வாசிக்கத் தெரிந்த பையன்

1873 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் பிறந்தவர் கெய்ஸ்பெர்க். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பெரிய வசதி கிடையாது. ஆனால் வீட்டில் சங்கீதம் இருந்தது. பையனுக்குச் சின்ன வயசிலேயே பியானோவில் நல்ல பழக்கம்.

1877-ல் எடிசன் போனோகிராப் கண்டுபிடித்தார் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கண்டுபிடித்தார் சரி, அதை வைத்து என்ன செய்வது? அது யாருக்குமே தெளிவாகத் தெரியவில்லை. முதலாளி பேசுவதைப் பதிவு செய்து பிறகு டைப் அடிக்கலாம் என்று ஆபீஸ்களுக்கு விற்கப் பார்த்தார்கள். அந்த வியாபாரத்துக்காக 1889-ல் வாஷிங்டனில் தொடங்கியதுதான் கொலம்பியா போனோகிராப் கம்பெனி. ஆபீஸ்களில் அது எடுபடவில்லை. ஆனால் காசு போட்டால் ஒரு பாட்டு கேட்கலாம் என்று பொது இடங்களில் மெஷினை வைத்தபோது கூட்டம் மொய்த்தது. அப்போதுதான் கம்பெனிக்குப் பாட்டு தேவைப்பட்டது. பாட்டுக்குப் பக்கவாத்தியம் தேவைப்பட்டது. பதினாறு வயசு கெய்ஸ்பெர்க்குக்கு அங்கே வேலை கிடைத்தது.

என்ன வேலை? ஜான் யார்க் அட்லீ என்று ஒருவர். அரசு ஆபீஸில் கிளார்க். அவர் விசில் அடிப்பதில் கெட்டிக்காரர். அவர் விசில் அடிக்க, பையன் பியானோ வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்! கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் காலத்து மெழுகு சிலிண்டரை மொத்தமாக நகல் எடுக்க வழியில்லை. பாடுகிறவர் முன்னால் சில மெஷின்களை வரிசையாக வைத்து ஒரு தடவை பாடினால் சில சிலிண்டர்கள் கிடைக்கும். நூறு சிலிண்டர் வேண்டுமென்றால் அதே பாட்டை மறுபடி, மறுபடி, மறுபடி பாடணும். பியானோக்காரனும் கூடவே வாசிக்கணும். சுருதி குறையக் கூடாது, வேகம் மாறக் கூடாது.

நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் நமக்கு எவ்வளவு சலிப்பு வருகிறது! ஆனால் அந்தச் சலிப்பான வேலையில்தான் அந்தப் பையனின் காது பழகியது. எந்தக் குரல் மெழுகில் நன்றாக விழுகிறது, எது விழவில்லை, எவ்வளவு தூரத்தில் நின்றால் என்ன ஆகிறது என்று மணிக்கணக்கில் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டான். அதைச் சொல்லிக் கொடுக்க அப்போது புத்தகமும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

பெர்லினரின் பட்டறை

அதே வாஷிங்டனில் இன்னொரு மனிதர் இருந்தார், எமில் பெர்லினர். ஜெர்மனியில் ஹானோவரில் பிறந்து 1870-ல் அமெரிக்கா வந்தவர். சிலிண்டருக்குப் பதிலாகத் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கலாம் என்று 1887-ல் காப்புரிமை வாங்கியவர். கிராமபோன் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். பில்லி கோல்டன் என்ற பாடகர் ஒருநாள் கெய்ஸ்பெர்க்கை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். 1890-களின் தொடக்கத்தில் நடந்த இந்தச் சந்திப்பு பையனின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. கொஞ்ச காலத்தில் அவன் பெர்லினரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

பெர்லினரின் முறை எப்படி என்று நம் துறை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். துத்தநாகத் தகட்டின் மேல் தேன்மெழுகை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பாடும்போது ஊசி பக்கவாட்டில் அசைந்து அந்தப் படலத்தைக் கீறிக்கொண்டே போகும். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால், மெழுகு போன இடத்தில் மட்டும் அரித்துப் பள்ளம் விழும். அந்தத் தகட்டின் மேல் மின்முலாம் பூசி ஓர் அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சை வைத்து எத்தனை தட்டு வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம். ஒரு தடவை பாடினால் போதும், ஆயிரம் காப்பி! சிலிண்டரால் முடியாத காரியம் இது.

முதலில் கெட்டியான ரப்பரில் தட்டு அழுத்தினார்கள். சரியாக வரவில்லை. தேடிப் பார்த்ததில், நியூஜெர்சியில் சட்டைப் பொத்தான் செய்கிற ஒரு கம்பெனி பயன்படுத்திய அரக்குக் கலவை பொருத்தமாக இருந்தது. அந்த அரக்கு எங்கிருந்து போனது தெரியுமா? நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் சின்னப் பூச்சி கட்டுகிற அரக்குதான். அதற்குப் பிறகு சுமார் ஐம்பது வருஷம் உலகம் முழுக்க ஓடிய இசைத்தட்டுகளில் இந்த அரக்கு இருந்தது.

இந்தப் பட்டறையில் கெய்ஸ்பெர்க் செய்யாத வேலை கிடையாது. பாடகர்களைத் தேடிப் பிடித்து வருவது, பியானோ வாசிப்பது, தகடு தயார் செய்வது, அமிலத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது, மெஷினை ஓட்டுவது, முதலீட்டாளர்கள் வந்தால் ஓட்டிக் காட்டுவது எல்லாமே அவன்தான். பியானோ வாசிக்கத்தானே வந்தேன், அமிலத்தில் எதற்குக் கை வைக்கணும் என்று அவன் ஒதுங்கி நிற்கவில்லை. 1897-ல் பெர்லினருக்காக பிலடெல்பியாவில் முதல் ஸ்டுடியோவை அமைக்கிற பொறுப்பு 24 வயசு கெய்ஸ்பெர்க்கிடம் வந்தது என்றால், அதற்குக் காரணம் தொழிலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அவர் கை படாத இடம் இல்லை என்பதுதான்.

லண்டனில் ஓர் அடித்தளம்

1898-ல் லண்டனில் கிராமபோன் கம்பெனி தொடங்கியது. அங்கே ரிக்கார்டிங் செய்ய ஆள் வேண்டும். பெர்லினர் அனுப்பியது கெய்ஸ்பெர்க்கைத்தான். ஜூலை மாதம் கப்பல் ஏறியவர், ஆகஸ்டில் மெய்டன் லேன் தெருவில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் மெஷினை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் பாடியவர்களில் ஒருவர், பக்கத்து உணவகத்தில் வேலை பார்த்த சிரியா லாமோன்ட் என்ற பெண். பெரிய பாடகர்கள் இந்தப் பொம்மை மெஷினுக்கு முன்னால் வந்து நிற்க மாட்டார்கள். வருகிறவரைப் பாட வைப்போம் என்று தொடங்கினார். அடுத்த வருஷம் பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் படம் வரையப் பித்தளை ஹாரன் ஒன்று கடன் கேட்டு வந்ததும் இந்த மெய்டன் லேன் ஆபீஸுக்குத்தான். அந்தப் படம்தான் நம் நாய்ப் படம்!

அந்தக் கால ஸ்டுடியோவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மைக் கிடையாது. ஆம்ப்ளிபயர் கிடையாது. கரண்ட்டே கிடையாது. சுவரிலிருந்து புனல் மாதிரி ஒரு ஹாரன் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனையில் மெல்லிய சவ்வுத் தகடு, அதில் ஓர் ஊசி. பாடுகிறவரின் மூச்சு பலம்தான் ஊசியை அசைக்க வேண்டும். சத்தம் குறைந்தால் பள்ளம் விழாது. சத்தம் கூடினால் ஊசி துள்ளிப் பக்கத்துக் கோட்டையும் கெடுத்துவிடும். அதனால் பாடகரின் பக்கத்திலேயே கெய்ஸ்பெர்க் நிற்பார். மேல் ஸ்தாயி வரும்போது தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். மெதுவாகப் பாடும்போது முன்னால் தள்ளுவார். இன்றைக்கு நாம் ஒரு குமிழைத் திருப்பிச் செய்கிற வேலையை அவர் மனிதரையே நகர்த்திச் செய்தார். ரிக்கார்டிங் லெவல் கன்ட்ரோல் என்றால் அப்போது அவர் கைதான்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. 1900 வாக்கில் துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாகக் கெட்டி மெழுகுத் தட்டு வந்துவிட்டது. அதில் பதிவானதைப் போட்டுக் கேட்டால் ஊசி பட்டுப் பள்ளம் கெட்டுவிடும். அப்புறம் அந்த மெழுகு அச்செடுக்க உதவாது. ஆகவே பாட்டு சரியாக விழுந்ததா இல்லையா என்று பாடி முடித்த அந்த நிமிஷமே காதால் முடிவு செய்ய வேண்டும். தொழிற்சாலைக்குப் போய் அச்சு ஆகி வந்தால்தான் உண்மை தெரியும். அவர் இருந்த இடம் அப்படிப்பட்டது!

1902 - மூன்று பேருக்கும் வயது 29

1902 ஏப்ரல் மாதம். இத்தாலியில் மிலான் நகரம். என்ரிகோ கரூஸோ என்ற இளம் பாடகரின் புகழ் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பத்துப் பாட்டுக்கு நூறு பவுண்டு கேட்டார். அது அந்தக் காலத்தில் பெரிய தொகை. கெய்ஸ்பெர்க் லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். அவ்வளவு பணம் கொடுக்க வேண்டாம், ரிக்கார்டிங் செய்யக் கூடாது என்று பதில் வந்ததாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தத் தந்தி விஷயத்தை ஆராய்ச்சிக்காரர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர் ரிக்கார்டிங் செய்தார் என்பதில் சந்தேகம் இல்லை. ஹோட்டல் அறை ஒன்றில் மெஷினை வைத்து, ஒரே மத்தியானத்தில் பத்துப் பாட்டு. தட்டுகள் வெளிவந்ததும் அந்த நூறு பவுண்டு பல மடங்காகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பாடகர்கள் கிராமபோனைப் பொம்மை என்று சொல்வதை நிறுத்தினார்கள்.

அதே வருஷம் செப்டம்பரில் கப்பல் ஏறினார் கெய்ஸ்பெர்க். கூட உதவியாளர், மெஷின், பெட்டி பெட்டியாக மெழுகுத் தட்டு. அக்டோபர் கடைசியில் கல்கத்தா வந்து இறங்கினார். பாஷை தெரியாது, ராகம் தெரியாது, தாளம் தெரியாது. பக்கவாத்தியம் வாசிக்கிற பியானோக்காரனாகத் தொழிலைத் தொடங்கியவருக்கு இங்கே பியானோவுக்கு வேலையே இல்லை! வெள்ளைக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. அது சீமைப் பாட்டின் நகலாக இருந்தது. பிறகு உள்ளூர் நாடகக் கொட்டகைகளுக்கும் ஜமீன்தார் வீட்டுக் கச்சேரிகளுக்கும் போய்க் கேட்டார்.

நவம்பர் 8-ஆம் தேதி முதல் பதிவு. பாடியவர்கள் கல்கத்தா கிளாசிக் தியேட்டரைச் சேர்ந்த சோஷி முகி, பணி பாலா என்ற இரண்டு பெண்கள். சில நாள் கழித்து வந்தார் கௌஹர் ஜான். தும்ரியிலும் கயாலிலும் கல்கத்தாவையே கட்டிப் போட்டவர். நகையும் பட்டும் ஜொலிக்க, பரிவாரத்தோடு வந்தார். கெய்ஸ்பெர்க், கரூஸோ, கௌஹர் ஜான் மூவருமே 1873-ல் பிறந்தவர்கள். 1902-ல் மூன்று பேருக்கும் வயது 29. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடுகிற சங்கீதம் நம்முடையது. தட்டிலோ மூன்று நிமிஷம்தான் இடம். அதற்குள் ஆரம்பித்து, விரித்து, முடிக்கணும். பெரிய உஸ்தாதுகள் பலர் தயங்கினார்கள். தாசிகள் என்றும் நாட்டியக்காரிகள் என்றும் ஊர் ஒதுக்கி வைத்த பெண்கள்தான் துணிந்து முன்னால் வந்தார்கள். கௌஹர் ஜான் அந்த மூன்று நிமிஷத்தை அழகாகப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை இங்கிலீஷில் சத்தமாக அறிவிப்பார். ஏனென்றால் மெழுகுத் தட்டு அச்சுக்காக ஜெர்மனியில் ஹானோவர் போகும். இது யார் பாட்டு என்று அங்கிருக்கிற தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமே! ரிக்கார்டிங் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கௌஹர் ஜான் 1910-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடியவர். 1930-ல் மைசூரில் காலமானார்.

நம் பாட்டு மெழுகில் ஏறி ஹானோவர் போனது. நம் காட்டு அரக்கும் சீமைக்குப் போனது. இரண்டும் சேர்ந்து தட்டாகி 1903-ல் கல்கத்தா கடைக்குத் திரும்பி வந்தன. 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை திறந்தார்கள். கெய்ஸ்பெர்க் வழியில் வந்த மற்ற ரிக்கார்டிங்காரர்கள் பின்னால் சென்னைக்கும் வந்தார்கள். அவரோ கல்கத்தாவிலிருந்து சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய், ஜப்பான், சயாம், பர்மா என்று சுற்றி, சுமார் 1,700 பதிவுகளோடு லண்டன் திரும்பினார்.

எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம்

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாங்க. டிப்ளமோ முடித்ததும் அப்ரண்டிஸ் போவேன் என்று சொன்னபோது, எங்கள் தெருவில் ஒருத்தர் சிரித்தார். அப்ரண்டிஸ் என்றால் டீ வாங்கி வருகிறவன், கூட்டிப் பெருக்குகிறவன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, அது நிஜமா என்று என்னைக் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

கெய்ஸ்பெர்க்கைப் பற்றிப் படித்த பிறகு சொன்னேன். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1973-ல் டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள், ஒரு வருஷப் பயிற்சி, உதவித்தொகை உண்டு, சான்றிதழ் உண்டு என்று விளக்கினேன். டீ வாங்கி வரச் சொல்கிற இடமும் இருக்கலாம்ப்பா, ஆனா டீ வாங்கிட்டு வர்ற வழியில மெஷினைப் பார்க்காம வர மாட்டேன் என்றும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு நான் சொன்னது புரிந்தது.

மெஷின் மாறியது

இனிதான் கதையில் கஷ்டமான இடம். 1925-ல் மின்சார ரிக்கார்டிங் வந்துவிட்டது. மைக்கும் ஆம்ப்ளிபயரும் வந்தன. ஹாரன் போச்சு! தோளைப் பிடித்து இழுக்கிற வித்தை போச்சு! ஹாரனுக்கேற்ற மாதிரி வாத்தியங்களை நெருக்கி உட்கார வைக்கிற கணக்கு போச்சு! முப்பத்தைந்து வருஷமாகக் கையில் சேர்த்த தொழில் நுணுக்கம் எல்லாம் ஒரே வருஷத்தில் பழசாகிவிட்டது. காலேஜில் படித்த இன்ஜினியர்கள் வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். கெய்ஸ்பெர்க்குக்கு அப்போது வயது 52.

நம்மில் பலருக்கு உள்ளுக்குள் இருக்கிற பயம் இதுதானே? நாம் படிக்கிற மெஷின் நாம் வேலைக்குப் போகும்போது இருக்குமா? நம் லேபில் இருக்கிற பல சாமான்களைக் கம்பெனிகள் தூக்கிப் போட்டுப் பல வருஷம் ஆகிறது. அப்படியானால் படித்தது வீணா?

கெய்ஸ்பெர்க் வீணாகவில்லை. அவர் அதற்கு முன்பே மெஷின் பக்கத்திலிருந்து கலைஞர் பக்கத்துக்கு நகர்ந்திருந்தார். யார் பாடணும், எதை வாசிக்கணும், எந்த வாசிப்பு நல்லது, எதை மறுபடி எடுக்கணும் என்று முடிவு செய்கிற வேலை. அதற்குத் தேவை காது. அந்தக் காது விசில்கார கிளார்க்குக்குப் பியானோ வாசித்த நாளிலிருந்தே தயாராகி வந்த காது. ஹாரன் போனாலும் அது போகவில்லை. ஹாரன் முன்னால் பயந்து நிற்கிறவர்களைத் தைரியப்படுத்திப் பாட வைத்த பழக்கமும் போகவில்லை. மைக் முன்னாலும் மனுஷன் பயப்படத்தானே செய்கிறான்!

அவருடைய பெரிய சாதனைகள் பல இந்த இரண்டாம் பாதியில்தான். ரிக்கார்டிங்கே வேண்டாம் என்று பல வருஷம் பிடிவாதமாக இருந்த பியானோ மேதை ஷ்னாபெலைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களும் 1932 முதல் 1935 வரை தட்டில் ஏறின. 1932-ல், 75 வயது இசையமைப்பாளர் எல்காரையும் 16 வயது வயலின்காரப் பையன் மெனுஹினையும் ஒன்று சேர்த்து, எல்காரின் வயலின் கச்சேரி இசையைப் பதிவு செய்ய வைத்ததும் அவர்தான். அந்தப் பதிவு நடந்த லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோ, 1931 நவம்பரில் எல்கார் கையால் திறந்து வைக்கப்பட்டது.

1934 ஜனவரியில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எல்கார் வூஸ்டர் என்ற ஊரில் சாகக் கிடக்கிறார். லண்டன் ஸ்டுடியோவில் அவருடைய இசையைப் பதிவு செய்கிறார்கள். தபால் துறையின் டெலிபோன் கம்பி வழியாக ஸ்டுடியோவையும் அவர் படுக்கையறையையும் இணைத்தார்கள். படுத்த நிலையிலேயே கேட்டு, இந்த இடம் இன்னும் மெதுவாக வேணும், அதை மறுபடி வாசிக்கணும் என்று எல்கார் சொல்ல, லண்டனில் வாத்தியக் குழு அப்படியே வாசித்தது. அப்போது அவர் படுக்கைப் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் கெய்ஸ்பெர்க். அடுத்த மாதம் எல்கார் காலமானார்.

1938 ஜனவரி 16-ஆம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னாவில் இன்னொரு பதிவு. புரூனோ வால்ட்டர் நடத்த, வியன்னா வாத்தியக் குழு மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்தது. ஸ்டுடியோவில் இல்லை, நேரடிக் கச்சேரியில். தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம்தான். கச்சேரி நிற்காது. ஒரு மெஷின் முடிவதற்குள் அடுத்த மெஷினைக் கிளப்ப வேண்டும். மேற்பார்வை கெய்ஸ்பெர்க். இரண்டே மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான வால்ட்டர் திரும்ப முடியவில்லை. அந்தக் குழுவில் முதல் வயலின் வாசித்த ரோஸே உட்பட யூதக் கலைஞர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த சத்தம் தட்டில் மட்டும் தங்கிவிட்டது. அந்த ராத்திரி மெஷின்கள் ஒழுங்காக ஓடாமல் இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

லேபிளில் இல்லாத பெயர்

1939-ல் கெய்ஸ்பெர்க் ஓய்வு பெற்றார். 1942-ல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். 1951 செப்டம்பர் 2-ஆம் தேதி லண்டனில் காலமானார். அவர் வேலை செய்த ஆயிரக்கணக்கான தட்டுகளின் லேபிளில் பாடியவர் பெயர் இருக்கும், பாட்டின் பெயர் இருக்கும், நாய்ப் படம் இருக்கும். அவர் பெயர் இருக்காது. தொழில் தெரிந்தவனின் பெயரை லேபிளில் போடுகிற வழக்கம் அப்போது இல்லை.

நண்பர்களே! நாம் செய்யப் போகிற வேலையிலும் நம் பெயர் பெரும்பாலும் இருக்காது. பாலத்தில் ஓர் ஆணி, ஆஸ்பத்திரியில் ஒரு மானிட்டர், பஸ்ஸில் ஒரு பிரேக் என்று நம் வேலை எங்கோ ஓரிடத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். அதனால் அது சின்ன வேலை ஆகிவிடாது. கௌஹர் ஜானின் குரல் இன்றைக்கும் கேட்கிறது என்றால், அன்றைக்கு ஹாரன் சரியான உயரத்தில் இருந்தது, மெழுகு சரியான பதத்தில் இருந்தது, ஊசி கூர்மையாக இருந்தது என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டவன் ஒருவன் இருந்தான் என்று அர்த்தம்.

அப்ரண்டிஸாகப் போகிற இடத்தில் நமக்கு முதல் நாளே பெரிய வேலை தர மாட்டார்கள். திரும்பத் திரும்ப ஒரே வேலைதான் வரும். கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு அதைச் செய்வோம். நம் வேலைக்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்போம். நாளைக்கு மெஷின் மாறும், மாறட்டும்! அதைக் கவனித்துக் கவனித்துச் சேர்த்த கைப்பழக்கத்தையும் காதுப் பழக்கத்தையும் யாரும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லோருக்கும் நல்ல பயிற்சியும் நல்ல வேலையும் கிடைக்க வாழ்த்துகிறேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை